யூத நூல்களைப் பெண்ணியப் பார்வையில் வாசிக்கத் தொடங்குவோருக்கு

யூத வேதமாகிய தோராவின் சுருளைச் சபை நடுவே ஒரு பெண் வாசிக்கலாமா என்ற கேள்விக்கு, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத்தின் மெகில்லா என்னும் பகுதியில், 23ஆம் ஏட்டின் முதற்பக்கத்தில், ஒரு விடை இருக்கிறது. ஓய்வுநாளில் வாசிக்க அழைக்கப்படும் எழுவரில் எவரும் இருக்கலாம், சிறுவனும் பெண்ணும்கூட இருக்கலாம். ஆயினும் சபையின் கண்ணியத்தை முன்னிட்டுப் பெண் வாசிக்க வேண்டாம் என்று அறிஞர்கள் சொன்னார்கள் என்கிறது அந்த வரி. அனுமதியும் தடையும் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. அனுமதி சட்டத்தின் அடிப்படை விதி. தடையோ, சபையில் இருப்பவர்களுக்கு அது கௌரவக் குறைவாகத் தோன்றும் என்ற சமூகக் காரணத்தால் மேலே சேர்க்கப்பட்டது. கடந்த ஐம்பது ஆண்டுகளாக யூதப் பெண்ணிய வாசகர்கள் செய்துவரும் வேலையின் பெரும்பகுதி, இத்தகைய வரிகளைப் பிரித்துப் பார்த்து, எந்தத் தடை எந்த அடுக்கில் இருக்கிறது, அதை அங்கே வைத்தவர் யார் என்று கண்டறிவதுதான்.

அந்த வாசிப்பைப் புதிதாகத் தொடங்கும் தமிழ் வாசகருக்காக இதை எழுதுகிறேன். எபிரேய மொழி தெரியாதவர்களும் யூதரல்லாதவர்களும் இந்தப் படிகளைப் பின்பற்றலாம். படிகள் வரிசையாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் தேவைப்படாது. மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் நெடுநேரம் தங்க வேண்டியிருக்கும்.

முதற்படி: அடுக்குகளைப் பிரித்தறியுங்கள்

யூத மரபின் நூல்கள் பல நூற்றாண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தவை. அடியில் இருப்பது ஐந்து ஆகமங்களாகிய தோராவும், அதனோடு தீர்க்கதரிசிகளின் நூல்களும் பிற எழுத்துகளும் சேர்ந்த தனாக் என்னும் தொகுப்பும். அதன்மேல் ஏறத்தாழ கி.பி. 200இல் ராபி (சமய அறிஞர்) யூதா தொகுத்த சட்டத் தொகுப்பான மிஷ்னா வருகிறது. மிஷ்னாவை வரிவரியாக விவாதித்துக் கலிலேயாவில் ஒன்றும் (எருசலேம் தல்மூத் என்று வழங்குவது), பின்னர் பாபிலோனியாவில் அதைவிட விரிவாக இன்னொன்றுமாக இரண்டு தல்மூத்கள் உருவாயின. வேதக் கதைகளின் இடைவெளிகளை நிரப்பிச் சொல்லும் மித்ராஷ் நூல்கள் தனி வகை. இவற்றுக்குப் பிறகு 11ஆம் நூற்றாண்டின் ராஷி போன்ற உரையாசிரியர்கள், 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடிஸ், 1565இல் அச்சேறிய சுல்கான் அரூக் என்னும் சட்டநூல் என்று மரபு நீள்கிறது. ஹலாகா என்று அழைக்கப்படும் சமயச் சட்டம் இந்த எல்லா அடுக்குகளின் வழியாகவும் வந்து சேர்வது. எல்லாவற்றுக்கும் மேலே ஊர்வழக்கம் இருக்கிறது. நடைமுறையில் சட்டத்தைவிட அது வலுவாக இருப்பதும் உண்டு.

இந்தப் பகுப்பு ஏன் தேவை என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். மகளுக்குத் தோரா கற்பிக்கலாமா? தனாக்கில் இதற்குத் தடையொன்றும் இல்லை. மிஷ்னாவின் சோத்தா பகுதியில், மூன்றாம் அதிகாரத்தில், இரண்டு குரல்கள் அருகருகே கேட்கின்றன. மகளுக்குத் தோரா கற்பிப்பது தந்தையின் கடமை என்கிறார் பென் அசாய். மகளுக்குத் தோரா கற்பிப்பவன் அவளுக்கு ஒழுக்கக்கேட்டையே கற்பிக்கிறான் என்கிறார் ராபி எலியேசர். பென் அசாயைப் பெண்களின் நண்பர் என்று உடனே கொண்டாடிவிடக் கூடாது. கணவனின் சந்தேகத்துக்கு ஆளான மனைவிக்குக் கசப்பு நீர் குடிக்கக் கொடுக்கும் சோதனையைப் பற்றிய விவாதத்தின் நடுவில்தான் அவர் அதைச் சொல்கிறார். அந்தச் சோதனையின் விதிகளை அவள் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அவர் காட்டும் காரணம். பின்னர் மைமோனிடிஸ் எலியேசரின் பக்கம் சாய்ந்து எழுதினார். பல நூற்றாண்டுகளுக்கு அதுவே வழக்கமாக நின்றது. 1917இல் போலந்தின் கிராக்கோ நகரில் சாரா ஷெனிரர் என்னும் தையற்காரப் பெண்மணி சிறுமிகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஹாஃபெட்ஸ் ஹாயிம் என்று அறியப்பட்ட முதுபெரும் ராபி, காலம் மாறிவிட்டதால் வீட்டுப் பழக்கம் மட்டும் போதாது, பெண்களுக்குக் கற்பிக்கத்தான் வேண்டும் என்று அந்த முயற்சியை ஆதரித்தார். ஷெனிரர் பெண்ணியம் பேசியவர் அல்லர். மரபைக் காப்பதே அவருடைய நோக்கம். இருந்தும், மிஷ்னாவின் ஒரு வரி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டது, எப்போது தளர்ந்தது என்று பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இரண்டாம் படி: கருவிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தனாக்கை வாசிக்கத் தமிழ் வேதாகமத்தின் பழைய ஏற்பாடு தொடக்கத்துக்குப் போதும். மிஷ்னாவும் தல்மூத்தும் செஃபாரியா என்னும் இணைய நூலகத்தில் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அங்குள்ள பாபிலோனியத் தல்மூத்தின் மொழிபெயர்ப்பில் தடித்த எழுத்தில் இருப்பவை மூலத்தின் சொற்கள். சாதாரண எழுத்தில் இருப்பவை மொழிபெயர்ப்பாளர் இடையில் சேர்த்த விளக்கம். புதியவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், விளக்கத்தில் வந்த ஒரு சொல்லை மூலத்தின் மேல் ஏற்றிவிடுவதுண்டு. தல்மூத்தை மேற்கோள் காட்டும்போது பகுதியின் பெயர், ஏட்டின் எண், அந்த ஏட்டின் முன்பக்கமா பின்பக்கமா என்ற மூன்றையும் குறிப்பிடுவது வழக்கம். 16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் அச்சான பதிப்பின் ஏட்டுக்கணக்கை உலகம் முழுவதும் இன்றும் பின்பற்றுவதால், எந்தப் பதிப்பை எடுத்தாலும் பக்கம் மாறாது.

வாசிப்புக்கு ஒரு துணையையும் தேடிக்கொள்ளுங்கள். இருவர் ஒரு பக்கத்தை உரக்க வாசித்து வாதிடும் முறைக்கு ஹவ்ரூதா என்று பெயர். யூதக் கல்விக்கூடங்களின் அடிப்படைப் பழக்கம் அது. பெண்ணிய வாசிப்புக்கு அது மிகவும் பொருந்துகிறது. நீங்கள் கோபத்தோடு ஒரு பத்தியைக் கடந்துபோக முனையும்போது, எதிரே இருப்பவர் இன்னொரு முறை வாசிக்கச் சொல்வார்.

தமிழ் வாசகருக்கு ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இந்தக் கதைகளைக் கிறித்தவ வழியில்தான் கேட்டிருக்கிறோம். ஏவாளே பாவத்தைக் கொண்டுவந்தாள், ஆகவே பெண் அடங்கியிருக்க வேண்டும் என்ற வாதம் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட நிருபத்தில் உள்ளது. அது யூத வேதத்தின் பகுதியே அல்ல. 1970களின் இறுதியில் அமெரிக்க யூத இறையியலாளர் ஜூடித் பிளாஸ்கோ, கிறித்தவப் பெண்ணியவாதிகள் சிலர் இயேசுவை உயர்த்திக்காட்டுவதற்காக ஆணாதிக்கத்தின் பழி முழுவதையும் யூதர்கள்மேல் போடுகிறார்கள் என்று சுட்டிக்காட்டினார். அந்தப் பழி இன்றும் அறியாமலே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. யூத மரபைக் கடுமையாக விமர்சிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த விமர்சனத்தை உள்ளிருந்தே எழுப்பிய யூதப் பெண்களின் எழுத்திலிருந்து தொடங்குவது நல்லது.

மூன்றாம் படி: பக்கத்தோடு தங்கி வாசியுங்கள்

எளிய பயிற்சியாக எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை எடுங்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐந்து சகோதரிகள் மோசேயின் முன்னும் சபை முழுவதின் முன்னும் நின்று, ஆண்மக்கள் இல்லாமல் இறந்த தங்கள் தந்தையின் நிலம் தங்களுக்கு வர வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கடவுளே தீர்ப்புச் சொல்கிறார். இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் பலர். அதே நூலின் 36ஆம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். அங்கே குலத்தலைவர்கள் வந்து முறையிட, அந்தப் பெண்கள் தங்கள் கோத்திரத்துக்குள்தான் மணக்கலாம் என்ற வரம்பு விதிக்கப்படுகிறது. பின்னர் தல்மூத்தின் பாபா பத்ரா பகுதி (119ஆம் ஏடு) இந்தச் சகோதரிகளை அறிவாளிகள், வேதத்தை விளக்க வல்லவர்கள் என்று புகழ்கிறது. உரிமை, வரம்பு, புகழ் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே கருத்துச் சொல்ல முற்படுங்கள்.

அடுத்ததாக யாத்திராகமம் 19. யூத மக்கள் அனைவரும் கடவுளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் சீனாய் மலைக் காட்சி இது. மூன்றாம் நாளுக்கு ஆயத்தமாக மக்கள் தங்களைப் பரிசுத்தப்படுத்தி ஆடைகளைத் துவைக்க வேண்டும் என்று கடவுள் மோசேயிடம் சொல்கிறார். மோசே மலையிலிருந்து இறங்கிவந்து மக்களிடம் பேசும்போது, 15ஆம் வசனத்தில், பெண்ணை நெருங்காதிருங்கள் என்ற ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறார். அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும் மக்கள் யார்? ஆண்கள் மட்டுமே. உடன்படிக்கையின் மையமான தருணத்தில் பெண்கள் பேச்சின் பொருளாக இருக்கிறார்களே ஒழிய, பேசப்படுபவர்களாக இல்லை. பிளாஸ்கோ 1990இல் வெளியிட்ட தம்முடைய முதன்மையான நூலை இந்த வசனத்தின் மீதுதான் கட்டினார்; பெண்களும் சீனாயில் நின்றார்கள் என்பதில் அவருக்கு ஐயமில்லை, அவர்கள் நின்றது பதிவாகவில்லை என்பதே அவருடைய வழக்கு.

அதே அதிகாரத்தின் மூன்றாம் வசனத்துக்குப் போங்கள். யாக்கோபின் வீட்டாருக்கும் இஸ்ரவேல் புத்திரருக்கும் இதைச் சொல் என்கிறார் கடவுள். இரண்டும் ஒரே கூட்டத்தைத்தானே குறிக்கின்றன, ஏன் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்று மித்ராஷ் கேட்கிறது. யாக்கோபின் வீட்டார் என்றால் பெண்கள் என்று தானே பதிலும் சொல்கிறது. ராஷியும் அதையே எழுதுகிறார். மூலத்தின் மௌனம் பழைய உரைகாரர்களுக்கும் உறுத்தியிருக்கிறது. அவர்களும் தங்கள் வழியில் பெண்களை மலையடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பிளாஸ்கோ புதிய மித்ராஷ் எழுத வேண்டும் என்று வலியுறுத்தியபோது, மரபுக்கு வெளியிலிருந்து ஒரு கருவியை அவர் கொண்டுவரவில்லை.

மூன்றாவது பயிற்சி தல்மூத்திலிருந்து. பெராக்கோத் பகுதியில் 51ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் யால்தா என்னும் பெண்ணின் கதை இருக்கிறது. உல்லா என்னும் அறிஞர் ராவ் நக்மானின் வீட்டில் உணவருந்தி, உணவுக்குப் பின் சொல்லும் ஆசியைச் சொல்லி, திராட்சரசம் உள்ள ஆசிக் கிண்ணத்தை ராவ் நக்மானிடம் கொடுக்கிறார். அதை யால்தாவுக்கும் (இவர் ராவ் நக்மானின் மனைவி என்று கொள்வது மரபு) அனுப்புங்கள் என்கிறார் ராவ் நக்மான். உல்லா மறுக்கிறார். பெண்ணின் வயிற்றுக்கனி ஆணின் வயிற்றுக்கனியின் வழியாகவே ஆசி பெறுகிறது என்று ராபி யோகனானின் பெயரால் சொல்லி, உபாகமம் 7:13ஐச் சான்றாகக் காட்டுகிறார். (தமிழில் அந்த வசனத்தை எடுத்துப் பார்த்தால் அவருடைய வாதம் பிடிபடாது, எபிரேயத்தில் முன்னிலைக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, அங்கே இருப்பது ஆண்பால்.) இதைக் கேட்ட யால்தா கோபத்தோடு எழுந்து, திராட்சரசக் கிடங்குக்குப் போய் 400 ஜாடிகளை உடைக்கிறார். வேறொரு கிண்ணமாவது அனுப்புங்கள் என்று ராவ் நக்மான் சொல்ல, இந்தக் குடத்தில் உள்ளதெல்லாம் ஆசியின் ரசம்தான் என்று சொல்லி உல்லா அனுப்புகிறார். யால்தா திருப்பியனுப்பிய பதில்: ஊர்சுற்றிகளிடமிருந்து பேச்சு வரும், கந்தலிலிருந்து பேன் வரும்.

இந்தப் பக்கத்தை நான்கு கேள்விகளோடு மறுபடி வாசியுங்கள். கதைக்கு முன்னால் பக்கம் என்ன சொல்கிறது? ஆசிக் கிண்ணத்துக்கு உரிய விதிகளை அது வரிசையாகச் சொல்லி வருகிறது. கிண்ணத்தை வீட்டாருக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அவற்றில் அடக்கம், மனைவியும் ஆசி பெறுவதற்காக என்ற காரணத்தோடு. ஆகவே இந்த இடத்தில் வழக்கத்தை மீறுபவர் யால்தா அல்லர், உல்லாதான். யாருக்குப் பெயர் இருக்கிறது? தல்மூத்தின் பல பெண்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே வருகையில், யால்தா தம் பெயரோடு வருகிறார். கடைசிச் சொல் யாருடையது? அவருடைய பழமொழியோடு கதை முடிந்து, பக்கம் வேறு விதிக்கு நகர்ந்துவிடுகிறது. இஸ்ரவேல் நாட்டுக்கும் பாபிலோனியாவுக்கும் இடையே பயணித்துக்கொண்டிருந்த உல்லாவுக்கு அந்தப் பழமொழி எவ்வளவு பொருந்தியது என்பது அன்றைய வாசகருக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும். இதைச் சொல்பவர் யார்? இந்த நான்காவது கேள்விதான் கடினமானது. கதையைத் தொகுத்தவர்கள் ஆண்கள். 400 என்பது தல்மூத்தில் மிகுதியைக் குறிக்க அடிக்கடி வரும் எண். பெண்ணின் சினம் எல்லை கடந்தது என்று காட்டவே கதை சொல்லப்பட்டது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். என் கருத்தில் யால்தாவை வரலாற்றில் வாழ்ந்த ஒரு போராளியாக்குவதற்கு இந்தப் பக்கம் இடம் தரவில்லை. ஆனால் உல்லாவின் இறையியலுக்குப் பதிலாக ஒரு பெண்ணின் குத்தலை எழுதி, அதன்மேல் எந்த மறுப்பும் சேர்க்காமல் விட்ட தொகுப்பாளர்களுக்கு உல்லாவின் மேல் முழு மரியாதை இருந்ததாகவும் தோன்றவில்லை.

நான்காம் படி: விலக்கு எப்படித் தடையானது என்று பாருங்கள்

சட்டப் பகுதிக்கு வரும்போது மிஷ்னாவின் கித்துஷின் முதல் அதிகாரத்தில் இரண்டு விதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் விதி, பணம், பத்திரம், உடலுறவு ஆகிய மூன்றில் ஒன்றால் பெண் மனைவியாகக் கொள்ளப்படுகிறாள் என்கிறது. ஏழாவது விதி, குறிப்பிட்ட நேரத்தில் செய்ய வேண்டிய கட்டளைகளுக்கு ஆண்கள் கடமைப்பட்டவர்கள், பெண்கள் விலக்குப் பெற்றவர்கள் என்கிறது. அதே பகுதியின் தல்மூத் விவாதம், பாஸ்காவில் புளிப்பில்லாத அப்பம் உண்பது போன்ற விதிவிலக்குகளை அடுக்கி, பொதுவிதியை நம்பி எல்லாவற்றையும் முடிவுசெய்ய முடியாது என்றும் சொல்லிவிடுகிறது.

விலக்கு என்பது தடை அல்ல. ஒருவர் விரும்பினால் செய்யலாம். அப்படியானால் பெண்கள் பொதுவழிபாட்டில் பின்னுக்குப் போனது எப்படி? ரோஷ் ஹஷானா பகுதியில் உள்ள இன்னொரு விதியோடு இதைச் சேர்க்க வேண்டும்: ஒரு கடமை இல்லாதவர் அந்தக் கடமையைப் பிறர் சார்பில் நிறைவேற்ற முடியாது. கடமை இல்லை என்பதால் பெண் பிறருக்காக வழிபாட்டை நடத்த முடியாது, வழிபாட்டுக்குத் தேவையான பத்துப் பேரில் எண்ணப்படவும் முடியாது என்று விலக்கு படிப்படியாக விலக்கிவைப்பாக மாறியது. அமெரிக்க யூத இறையியலாளர் ரேச்சல் ஆட்லர் 1971இல் எழுதிய கட்டுரையில், பெண்களும் சிறுவர்களும் அடிமைகளும் ஒரே பட்டியலில் வருவதைச் சுட்டி, சிறுவன் வளர்ந்துவிடுவான், அடிமை விடுதலை பெறலாம், பெண்ணுக்கு மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேற வழியில்லை என்று வாதிட்டார். இந்த இயக்கத்தின் தொடக்கத்தை அந்தக் கட்டுரையிலிருந்து கணக்கிடுவோர் உண்டு.

தொடக்கத்தில் கண்ட சபையின் கண்ணியம் என்ற காரணத்துக்கும் பின்னாளில் பதில் வந்தது. இஸ்ரேலிய ராபி டேனியல் ஸ்பெர்பர், தல்மூத்திலேயே இருக்கும் மனித கண்ணியம் என்ற கோட்பாடு சபையின் கண்ணியத்தைவிட மேலானது என்று வாதிட்டார். 2002இல் எருசலேமில் தொடங்கிய ஷிரா ஹதாஷா என்னும், ஹலாகாவை இறுகப் பின்பற்றும் வைதிகப் பிரிவின் சபையில் பெண்கள் தோரா வாசிக்கிறார்கள்; பத்து ஆண்களோடு பத்துப் பெண்களும் வந்து சேரும்வரை வழிபாடு காத்திருக்கிறது. பெரும்பாலான வைதிக ராபிகள் இதை ஏற்கவில்லை.

மணவிலக்கில்தான் வாசிப்பின் விளைவு மிகக் கூர்மையாகத் தெரியும். உபாகமம் 24:1 கணவன் மனைவிக்குத் தள்ளுதற்சீட்டு எழுதிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. கெத் எனப்படும் அந்தச் சீட்டைக் கணவன் தன் விருப்பத்தோடு கொடுக்க வேண்டும் என்பது ஹலாகா. கி.பி. 1000ஐ ஒட்டி ஜெர்மானிய நிலத்தில் வாழ்ந்த ராபி கெர்ஷோம், மனைவியின் சம்மதமின்றி மணவிலக்குக் கூடாது என்று ஆணையிட்டார். ஆயினும் கணவன் மறுத்தால் மனைவி கட்டுண்டவளாக, அகுனாவாக நிற்கும் நிலை தொடர்ந்தது. இஸ்ரேலில் 1953ஆம் ஆண்டின் சட்டப்படி யூதர்களின் திருமணமும் மணவிலக்கும் ராபிகளின் நீதிமன்றங்களின் கையில் இருப்பதால், சமயப் பற்றில்லாத பெண்ணும் இதில் சிக்கலாம். 1995இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம், கெத் கொடுக்க மறுப்பவரின் ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு போன்றவற்றை முடக்கவும் அவரைச் சிறையிலடைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. அமெரிக்க வைதிகச் சமூகத்தில் கெத் மறுப்பைத் தடுப்பதற்காகத் திருமணத்துக்கு முன்பே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முறை பரவியிருக்கிறது. ஆட்லரோ கொள்ளுதல் என்ற அடிப்படையையே மாற்ற முனைந்து, கூட்டுத்தொழிலுக்கான தல்மூத் சட்டத்திலிருந்து எடுத்த ஒரு புதிய திருமண உடன்படிக்கையை 1998இல் முன்வைத்தார்.

ஐந்தாம் படி: சடங்குகளின் வயதைக் கேளுங்கள்

ஒரு சடங்கைப் பார்க்கும்போது, அது எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். அமாவாசைக்குப் பின் பிறை தோன்றும் மாதத்தொடக்க நாளாகிய ரோஷ் ஹோதெஷில் பெண்கள் வேலை செய்யாதிருக்கும் வழக்கம் எருசலேம் தல்மூத்திலேயே குறிப்பிடப்படுகிறது. பொற்கன்றுக்காகப் பெண்கள் தங்கள் நகைகளைத் தர மறுத்ததற்கான பரிசு அது என்று ஒரு மித்ராஷ் சொல்கிறது. 1970களில் பெண்கள் இந்த நாளை மீட்டெடுத்துக் கூடிப் படிக்கும் நாளாக்கினார்கள். அத்தகைய ஒரு குழுவிலிருந்துதான், 1980களின் இறுதியில் பாஸ்டன் நகரில், பாஸ்கா விருந்து மேசையில் எலியா தீர்க்கதரிசிக்காக வைக்கும் கிண்ணத்துக்கு அருகே மோசேயின் சகோதரி மிரியாமின் பெயரால் நீர் நிறைந்த கிண்ணம் வைக்கும் வழக்கம் பிறந்தது.

பாஸ்கா விருந்தின் அடையாள உணவுகளை வைக்கும் தட்டில் ஆரஞ்சுப் பழம் வைப்பது இன்னொரு புதிய வழக்கம். பெண் ராபி ஆவது தட்டில் ஆரஞ்சு வைப்பது போன்றது என்று ஒரு கிழவர் கத்தியதாகவும், அதற்குப் பதிலடியாக இது தொடங்கியதாகவும் ஒரு கதை உலவுகிறது. அது உண்மையல்ல என்று இதைத் தொடங்கிய அறிஞர் சுசன்னா ஹெஷல் பலமுறை எழுதிவிட்டார். தன்பால் ஈர்ப்புடையவர்களும் சமூகத்தின் ஓரத்தில் வைக்கப்பட்டவர்களும் மேசையில் இடம் பெற வேண்டும் என்பதற்காக அவர் செய்தது அது. ஒரு பெண்ணின் யோசனை, வழியில் ஓர் ஆணின் வாய்ச்சொல்லாக மாறிவிட்டது. பெண்ணியச் சடங்குகளின் வரலாற்றையும் இதே கவனத்தோடு வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

சிறுமி சமயக் கடமைகளுக்குரிய வயதை எட்டுவதைக் கொண்டாடும் பாத் மிட்ஸ்வா பலரும் எண்ணுவதுபோல் பழமையானதன்று. 1922 மார்ச் மாதம் நியூயார்க்கில் 12 வயது ஜூடித் கப்லான் சபையில் வாசித்ததே அமெரிக்காவில் இதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அவரும் சுருளிலிருந்து வாசிக்கவில்லை, அச்சிட்ட புத்தகத்திலிருந்துதான் வாசித்தார். காலை வழிபாட்டில் என்னைப் பெண்ணாகப் படைக்காததற்காக என்று ஆண்கள் நன்றி சொல்லும் வரி, அதற்கு மாறாகத் தல்மூத் காலத்தது. ஆனால் அதற்கான எதிர்ப்பும் நேற்று வந்ததல்ல: 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஒரு பெண்ணுக்காகக் கையால் எழுதப்பட்ட வழிபாட்டு நூலில், என்னைப் பெண்ணாகப் படைத்தாய், ஆணாக அல்ல என்று நன்றி சொல்லும் வரி இருக்கிறது.

மாதவிடாய் விதிகளை வாசிக்கும்போது ஆட்லரின் எழுத்துகளைக் கால வரிசையில் படியுங்கள். 1970களின் தொடக்கத்தில் அவர் இந்த விதிகளையும், மாதவிடாய்க்குப் பின் மிக்வே என்னும் சடங்குக் குளத்தில் மூழ்கும் நீராடலையும் இறையியல் நோக்கில் ஆதரித்து எழுதினார். பல பெண்கள் அதை ஏற்று நடந்தார்கள். 1993இல் அந்த நிலைப்பாட்டை வெளிப்படையாகக் கைவிட்டு, ஏன் கைவிட்டேன் என்றும் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பது எந்த அறிமுக நூலையும்விட அதிகம் கற்றுத்தரும்.

ஆறாம் படி: உள்விவாதத்தைக் கேளுங்கள்

இந்தப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுபவர்கள் அல்லர். 1979இல் புனைகதையாளர் சிந்தியா ஓசிக், பெண்களின் நிலை சமூகவியல் சிக்கலே, சட்டத்தைத் திருத்தினால் தீரும் என்ற கருத்தை வலுவாக முன்வைத்தார். பிளாஸ்கோ அதை மறுத்து, கடவுளையே ஆணாகப் பேசும் மொழி இருக்கும்வரை சட்டத் திருத்தம் ஆழத்தைத் தொடாது என்றார். வைதிகப் பிரிவில் இருந்துகொண்டே பேசிய ப்ளூ கிரீன்பெர்க், ராபிகளுக்கு மனமிருந்தால் ஹலாகாவில் வழியிருக்கும் என்று வாதிட்டவர். தொடங்குபவர்கள் ஓசிக், பிளாஸ்கோ இருவரையும் சேர்த்தே படிப்பது நல்லது. உங்கள் சொந்தச் சாய்வு எந்தப் பக்கம் என்பது அப்போதுதான் தெரியும்.

ராபி பட்டத்தின் வரலாறு யூத சமயத்தின் இன்றைய பிரிவுகளை அறிய உதவும். சீர்திருத்தப் பிரிவு 1972இல் சாலி பிரீசாண்டுக்கும், கன்சர்வேடிவ் பிரிவு 1985இல் ஏமி ஐல்பெர்க்குக்கும் பட்டம் அளித்தன; வைதிகப் பெண்களைச் சமயத் தலைமைக்குப் பயிற்றுவிக்கும் மஹாராத் கல்விக்கூடம் 2009இல் நியூயார்க்கில் தொடங்கியது. இவர்களுக்கெல்லாம் முன்பே, 1935 டிசம்பரில், ஜெர்மனியில் ரெகினா யோனாஸ் ராபியாகியிருந்தார். பெண் ராபியாகப் பணியாற்ற முடியுமா என்பதை ஹலாகா நூல்களைக் கொண்டே ஆராய்ந்து, முடியும் என்ற முடிவோடு அவர் ஆய்வேடு எழுதியவர். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஆவணக் காப்பகத்தில் அவருடைய தாள்கள் கண்டெடுக்கப்படும்வரை, அவர் பெயர் ஏறக்குறைய எங்கும் சொல்லப்படவில்லை. பிரீசாண்டே உலகின் முதல் பெண் ராபி என்று பல ஆண்டுகள் எழுதப்பட்டுவந்தது.

அருகிலிருப்பதைப் பார்க்க விரும்புவோர்

தமிழ்நாட்டிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் கொச்சியை அடையலாம். அங்கிருந்த யூதப் பெண்கள் தங்கள் விழாப் பாடல்களையும் திருமணப் பாடல்களையும் மலையாளத்தில் பாடினார்கள். கையெழுத்து நோட்டுகளில் எழுதி மகளுக்கும் பேத்திக்கும் கொடுத்தார்கள். பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் உடன் சென்றன. ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடுவதைப் பல யூதச் சமூகங்கள் தடுத்துவந்த நிலையில், கேரளத்தில் அந்தத் தடை வழக்கில் இல்லை. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசித் தொழுகைக்கூடத்திலும், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பரவூர்த் தொழுகைக்கூடத்திலும் மாடியைக் கவனியுங்கள்; தோரா வாசிப்பதற்கான இரண்டாவது மேடை பெண்கள் அமரும் பகுதியை ஒட்டியே அங்கு அமைந்திருக்கிறது. கேரளத்துக்கே உரிய அமைப்பு அது. வாசித்தவர்கள் ஆண்களே என்றாலும், வாசிப்பு பெண்களுக்கு மிக அருகில் நடந்தது. மட்டாஞ்சேரிக்குப் போவதானால் வெள்ளி பிற்பகலையும் சனிக்கிழமையையும் யூத விழாநாட்களையும் தவிர்த்துத் திட்டமிடுங்கள்.

தொடர்ந்து வாசிக்க ஓர் ஒழுங்கு தேவைப்படுவோருக்கு, நாளொன்றுக்கு ஓர் ஏடு வீதம் பாபிலோனியத் தல்மூத் முழுவதையும் ஏறத்தாழ ஏழரை ஆண்டுகளில் முடிக்கும் டாஃப் யோமி சுழற்சி இருக்கிறது. 2020 ஜனவரியில் ஒரு சுழற்சி முடிந்தபோது எருசலேமில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடித் தங்கள் நிறைவைக் கொண்டாடினார்கள். அதை நடத்திய ஹத்ரான் அமைப்பு, பெண்களே கற்பிக்கும் அன்றாடப் பாடங்களை ஆங்கிலத்திலும் எபிரேயத்திலும் இணையத்தில் வழங்குகிறது. ஏழரை ஆண்டுகள் மிகுதி என்று தோன்றினால், கித்துஷின் பகுதியின் 29ஆம் ஏட்டிலிருந்து 35ஆம் ஏடு வரை மட்டும் எடுத்துக்கொண்டு, தந்தையின் கடமைகளும் பெண்களின் விலக்குகளும் அங்கே எப்படி நிறுவப்படுகின்றன என்று துணையோடு அமர்ந்து வாசியுங்கள். வாரம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் அவசரப்பட வேண்டியிருக்காது.